எட்டு விழுக்காட்டுக்குக் கீழே

குணாளன் வீட்டில் ஒரு விசித்திரமான ஏற்பாடு இருந்தது. ஷர்மினி வாங்கிய பங்குகள் சரிந்தால் அவற்றை விற்க வேண்டியவன் குணாளன். குணாளன் வாங்கியவற்றுக்கு ஏதாவது ஆனால் விற்க வேண்டியவள் ஷர்மினி. தன் நஷ்டத்தைத் தன் கையால் வெட்ட எவருக்கும் மனசு வராது, அடுத்தவர் நஷ்டத்தை வெட்டுவது சுலபம் என்பது ஷர்மினியின் கணக்கு. கணக்கு சரிதான். ஆளைத்தான் தப்பாகப் பிடித்துவிட்டாள்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. பினாங்கில், பத்து காவான் என்ற ஊரில் ஒரு சிப் தொழிற்சாலையில் அவள் லைன் லீடர். தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பை மாட்டிக்கொண்டு தூசு புகாத அறைக்குள் நுழைந்தால் பன்னிரண்டு மணி நேரம் உள்ளேதான், கைப்பேசி வெளியே லாக்கரில் கிடக்கும். குணாளன் மாக் மண்டினில் கார்களுக்கு ஏர்கோன் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்தான். அவன் கைப்பேசி எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். ஆகவே அவள் பங்குக் கணக்கை அவன் போனிலும் ஏற்றிக்கொண்டார்கள், அவன் கணக்கை அவள் போனிலும் ஏற்றிக்கொண்டார்கள்.

இத்தனை பாடும் ஒரு பிள்ளைக்காக. கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது. ஆஸ்பத்திரியில் கருவை வெளியே உருவாக்கி உள்ளே வைக்கும் சிகிச்சை இரண்டு முறை நடந்து இரண்டும் தங்கவில்லை. மூன்றாவது முறை செய்வதென்றால் ஷர்மினிக்கு நாற்பது ஆவதற்குள் செய்யுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளுக்கு முப்பத்தொன்பது நடந்துகொண்டிருந்தது. சேமநிதியிலிருந்து எடுக்க முடிந்ததை முதல் இரண்டு முறைக்கே எடுத்தாயிற்று. இப்போது கையில் இருந்தது வேண்டியதில் முக்கால் பங்கு. மீதியைச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சேர்ப்பதற்குள் வயசு ஓடிவிடும். அதனால்தான் பங்குச் சந்தை. இதைக் கேட்டு நீங்கள் தலையில் அடித்துக்கொள்ளலாம். குணாளனின் அக்காவும் அடித்துக்கொண்டாள்.

பணத்தை இரண்டு பாதியாகப் பிரித்தார்கள். ஷர்மினி ஏறுவதை வாங்குவாள். மாசக்கணக்கில் மேலே போய்க்கொண்டிருக்கும் பங்கு இன்னும் கொஞ்சம் போகும், அந்தக் கொஞ்சம் நமக்குப் போதும் என்பது அவள் கட்சி. ஏன் ஏறுகிறது, எதைச் செய்து விற்கிறார்கள் என்றெல்லாம் ரொம்பக் கேட்கமாட்டாள். ஆனால் ஒரு விதி வைத்திருந்தாள். வாங்கிய விலையிலிருந்து எட்டு விழுக்காடு இறங்கினால் வெளியே வந்துவிட வேண்டும். அந்த விதி இல்லாவிட்டால் அவள் செய்வது வெறும் சூதாட்டம் என்பது அவளுக்கே தெரியும்.

குணாளன் நேர் எதிர். ஊரே தூக்கிப்போட்டதைத்தான் தொடுவான். கம்பெனிக்குக் கடன் எவ்வளவு, கையில் ரொக்கம் எவ்வளவு, வாடிக்கையாளர் யார் என்று இரண்டு வாரம் ஆண்டறிக்கையைத் துருவுவான். பிறகு வாங்கிவிட்டு அது திரும்பும்வரை பொறுத்திருப்பான். மேலும் இறங்கினால் மலிவாகக் கிடைக்கிறதே என்று சந்தோஷப்படுகிற மனுஷன். இப்படிப்பட்டவனிடம்தான் ஷர்மினி தன் விதியை ஒப்படைத்தாள்.

"யோசிக்கக் கூடாது, என்னங்க. எட்டு பெர்சன்ட் விழுந்தா அமுக்கிடணும். என்கிட்ட கேக்கக்கூட வேணாம்."

"சரி லா மினி. ஒரு பட்டன அமுக்கத் தெரியாதா எனக்கு?"

மார்ச்சில் ஒருமுறை அமுக்கவும் செய்தான். அடுத்த வாரமே அந்தப் பங்கு பழைய விலைக்கு மேலே போய்விட்டது. ஷர்மினி அதைப் பற்றிக் கவலையே படவில்லை. விதி விதிதான் என்று சொல்லிவிட்டு வேறொன்றைத் தேடப் போய்விட்டாள். குணாளனுக்குத்தான் அது தொண்டையில் முள்ளாக நின்றது. கொஞ்சம் பொறுத்திருந்தால் போதுமாயிருந்ததே என்று சாப்பிடும்போதுகூடச் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஜூன் மாதம் ஷர்மினி தன் பாதி முழுவதையும் ஒரே பங்கில் போட்டாள். சிப்புகளைச் சோதிக்கும் கருவி செய்கிற கம்பெனி. அதன் முழுப் பெயர் நீளமானது, வீட்டில் அதற்கு டெஸ்டர் என்று பெயர். வாரா வாரம் ஏறிக்கொண்டிருந்தது.

ஜூலை ஏழாம் தேதி, திங்கட்கிழமை. ஜார்ஜ் டவுன் பாரம்பரிய நாள். மாநிலத்துக்கே விடுமுறை என்பதால் குணாளன் பட்டறையைத் திறக்கவில்லை. ஷர்மினியின் தொழிற்சாலைக்கு அந்த விடுமுறையெல்லாம் கிடையாது. வந்தால் கூடுதல் சம்பளம் என்றார்கள். அவள் விடியுமுன்பே ஜெலுத்தோங் வீட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய்விட்டாள்.

குணாளன் சாவகாசமாகக் குளித்து, சூலியா தெருவுக்குப் போய் ரொட்டி சானாயும் தே தாரேக் டீயும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான். கைப்பேசியை எடுத்துப் பார்க்கவேயில்லை. பினாங்கே லீவு, சந்தையும் லீவு என்று எடுத்துக்கொண்டுவிட்டான். பங்கு வாங்க ஆரம்பித்தபின் அவனுக்கு வரும் முதல் ஜூலை இது. சந்தை இருப்பது கோலாலம்பூரில். நம் பாரம்பரியத்துக்காகக் கோலாலம்பூர் ஒருநாள் கடையடைக்கும் என்று நினைக்க ஒரு பினாங்குக்காரனால்தான் முடியும்.

பசியாறிவிட்டு, நாலு கடை தள்ளியிருந்த சீனி முகம்மதுவின் பணம் மாற்றும் கடைக்குப் போனான். சீனி அவனுடன் படித்தவன். டூரிஸ்டுகள் வரும் நாளில் அவன் கடையை அடைக்கமாட்டான். சீனியும் டெஸ்டர் கொஞ்சம் வைத்திருந்தான்.

"என்னா குணா, ஜாலியா நடந்து வர்றே. டெஸ்டர வித்துட்டியா?" என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கேட்டான்.

"இன்னிக்கு மார்க்கெட் லீவுதானேப்பா?"

"யாரு சொன்னா? லீவு நமக்குத்தான். கேஎல்ல ஏது லீவு? நான் தொறந்த உடனே வித்துட்டேன்."

குணாளன் அவசரமாகச் சட்டைப் பையைத் துழாவினான். கைப்பேசியை எடுத்துத் திறந்தான். கடவுச்சொல் இரண்டுமுறை தப்பானது. டெஸ்டரின் பெரிய வாடிக்கையாளர் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டதாகச் சனிக்கிழமையே அறிவிப்பு வந்திருக்கிறது. விலை, ஷர்மினி வாங்கியதிலிருந்து பதினான்கு விழுக்காடு கீழே கிடந்தது.

அப்போதே விற்றிருக்க வேண்டும். அது அவனுக்கும் தெரியும். ஆனால் பதினான்கில் விற்றுவிட்டு மினியிடம் என்னவென்று சொல்வது? நீ சொன்ன எட்டு கடந்து போனபோது நான் ரொட்டியைக் கறியில் தோய்த்துக்கொண்டிருந்தேன் என்றா? எட்டுக்குத் திரும்பி வரட்டும், வந்த நிமிஷமே விற்றுவிடுகிறேன், அவளுக்குத் தெரியவே தெரியாது என்று முடிவு செய்தான். நஷ்டத்தில் மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் சந்தையோடு இப்படித்தான் பேரம் பேசுகிறார்கள். சந்தைக்கு அது கேட்பதில்லை.

கேட்டதுபோல் ஒருமுறை நடித்தது. விலை ஏறி, பதினொன்றுக்கு வந்தது. குணாளன் முருகா முருகா என்று முணுமுணுத்தபடி சீனியின் கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். பத்து. மறுபடி பதினொன்று. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தால் பதினேழு. முதுகெல்லாம் வேர்த்துச் சட்டை ஒட்டிக்கொண்டது.

இந்த இடத்தில்தான் அவனுடைய சொந்த முறை அவன் காதில் பேச ஆரம்பித்தது. போன வாரம் வரிசையில் நின்று அதிக விலைக்கு வாங்கினார்களே, இன்றைக்கு அதையே தெருவில் வீசுகிறார்கள், பயந்தவன் விற்கும்போதுதானே நீ வாங்குவாய் என்றது. இரண்டு வாரம் படித்துப் பார்த்து வாங்கிய தன் பங்குகளை, நல்ல பங்குகளை, குணாளன் மளமளவென்று விற்றான். வந்த பணத்துக்கு டெஸ்டர் வாங்கினான். அந்தக் கம்பெனியைப் பற்றி அவன் ஒரு பக்கம் படித்ததில்லை.

சீனி எட்டிப் பார்த்தான். "டேய், வாங்கறியா? கிறுக்குப் பிடிச்சிருச்சா?"

"எல்லாரும் விக்கும்போது வாங்கணும்பா. சராசரி விலை கொறையும். கொஞ்சம் ஏறினாப் போதும், ரெண்டு பேரு பணமும் வந்துரும்."

"எல்லாரும் விக்கிறாங்க, சரி. எதனால விக்கிறாங்கன்னு பாத்தியா?"

குணாளன் திரையைத் துடைத்துவிட்டு மறுபடி விலையைப் பார்த்தான். காலையில் பாதிப் பணம் ஆபத்தில் இருந்தது. இப்போது முழுப் பணமும் ஆபத்தில் இருந்தது. இதை அவன் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் தானே பயந்திருப்பான், அதனால் சொல்லாமல் இருந்தான்.

சந்தை மதியத்துக்கு மூடியதும் வீட்டுக்கு வந்தான். சாப்பாடு இறங்கவில்லை. ஷர்மினியின் அழைப்பு வந்தபோது எடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்து, கடைசி மணியில் எடுத்தான்.

"சாப்டீங்களா?" என்றாள். பின்னால் கேன்டீன் சத்தம்.

"ம்... ஆச்சு."

"ஆஸ்பத்திரியிலேருந்து நர்ஸ் கூப்பிட்டாங்க. புதன்கிழமைக்குள்ள டெபாசிட் கட்டினா இந்த மாசமே ஆரம்பிச்சிடலாமாம். என்ன சொல்லட்டும்?"

"என்னத்த சொல்றது, வர்றோம்னு சொல்லு."

"ம்." கொஞ்ச நேரம் கேன்டீன் சத்தம் மட்டும் கேட்டது. "டெஸ்டர் எப்படி இருக்கு? நான் பாக்கல. நீங்க இருக்கீங்கன்னு விட்டுட்டேன்."

குணாளன் வாயிலிருந்து அது தானாக வந்து விழுந்தது. "இன்னிக்கு லீவு லா மினி. மார்க்கெட் இல்ல."

"ஓ, ஆமா லா," என்று அவள் வைத்துவிட்டாள். அவளும் பினாங்குக்காரிதான்.

காலையில் அவன் தெரியாமல் நம்பிய தப்பு, மதியம் அவன் தெரிந்தே சொன்ன பொய்யாகிவிட்டது. கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தான். பிறகு நிமிர்த்தினான். சந்தை மறுபடி திறக்கும்வரை வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தான். குழாயைத் திறந்து முகம் கழுவினான். ஐந்து நிமிஷத்தில் மறுபடி கழுவினான்.

திறந்ததும் டெஸ்டர் இருபதைத் தாண்டிக் கீழே போனது. விற்கிற பக்கம் எண்கள் கொழுத்துக்கொண்டே போயின, வாங்குகிற பக்கம் மெலிந்துகொண்டே வந்தது. கட்டைவிரலைப் பட்டனுக்கு மேலே கொண்டுபோனான். அமுக்க முடியவில்லை. விரலுக்கு ஒன்றுமில்லை, அவனுக்குத்தான் முடியவில்லை. அதை அமுக்கினால் வேண்டியதில் மூன்றில் இரண்டு பங்குதான் மிஞ்சும். அதை வைத்துக்கொண்டு மூன்றாவது முறை இல்லை. அமுக்காதவரை பணம் திரும்பலாம், பணம் திரும்பினால் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி என்றால் ஒரு பிள்ளை. எண்கள் சிவப்பாக இருந்தாலும் இருக்கின்றன அல்லவா? இரண்டாவது முறை கரு தங்காமல் போனபோதும் ஆஸ்பத்திரி நடைபாதையில் வைத்து அவன்தான் முதலில் வாயைத் திறந்து, இன்னொரு தடவை பார்க்கலாம் மினி என்றான். அவள் தலையாட்டினாள்.

மூன்றரை மணிவாக்கில் அவன் தன் கணக்கைப் புதுப்பித்துப் பார்த்தபோது அதில் ஒன்றுமில்லை. டெஸ்டர் என்ற வரியே காணவில்லை. மறுபடி புதுப்பித்தான். விற்றாகிவிட்டது என்று காட்டியது. யாரோ கணக்குக்குள் புகுந்துவிட்டார்கள் என்று பதறி எழுந்தான், நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. ஷர்மினியின் கணக்கைத் திறந்தான். அதிலும் விற்றாகிவிட்டது. அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. தன் கணக்கு இன்னொரு போனிலும் இருக்கிறது.

அழைத்தான், எடுக்கவில்லை. மன்னிச்சிரு என்று எழுதி அனுப்பினான். அவள் அதற்குள் கைப்பேசியை லாக்கரில் வைத்துவிட்டு உள்ளே போயிருப்பாள். திட்டவாவது ஒரு அழைப்பு வந்திருந்தால் மூச்சு விட்டிருப்பான். அது வரவில்லை. அதன்பிறகு டெஸ்டர் ஏறியதா இறங்கியதா என்று அவன் பார்க்கவும் இல்லை.

வேலை முடியும் நேரத்துக்கு வெகு முன்பே காரை எடுத்துக்கொண்டு கடலைக் கடக்கும் இரண்டாம் பாலத்தில் ஏறினான். பத்து காவானில் தொழிற்சாலை வாசலுக்கு எதிரே காரை நிறுத்திவிட்டு, அவள் முகம் எப்படி இருக்கும் என்று விதவிதமாகக் கற்பனை செய்துகொண்டிருந்தான். அழுது வீங்கிய முகம். பேசாத முகம். கைப்பையைத் தூக்கி எறிகிற முகம். எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு மன்னிப்பு தயாராக வைத்திருந்தான்.

ஏழு மணி கடந்து பெண்கள் கூட்டமாக வந்தார்கள். ஷர்மினி அவனுடைய காரைப் பார்த்துவிட்டு, பஸ்ஸில் ஏறப்போன தோழியிடம் கைகாட்டிவிட்டு வந்து ஏறினாள். முகம் சாதாரணமாக இருந்தது. தொப்பி அழுத்திய தடம் மட்டும் நெற்றியில். அவன் தயாரித்து வைத்திருந்த எதுவும் அந்த முகத்துக்குப் பொருந்தவில்லை. அது அவனை இன்னும் பயமுறுத்தியது.

"எங்க லைன் ஜெயலெட்சுமி டீ டைம்ல சொன்னா, டெஸ்டர் விழுந்துருச்சுன்னு," என்றாள். "நான் லீவுன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க."

"காலையில நெஜமாவே லீவுன்னுதான் நெனச்சேன் மினி. சீனி சொல்லித்தான் தெரியும். அப்புறம் எட்டுக்கு வந்ததும் வித்துடலாம்னு பாத்தேன். பத்து வரைக்கும் வந்துச்சு, சத்தியமா."

"உங்க பணத்தையும் ஏன் போட்டீங்க?"

அவனுக்குச் சராசரி விலை, மலிவு என்று சொல்ல நிறைய இருந்தது. அதெல்லாம் பொய் என்று அந்த நேரத்தில் அவனுக்கே தெரிந்தது. "என்னால அமுக்க முடியல. அமுக்கினா, பிள்ளை இல்லன்னு நானே சொல்றாப்ல இருந்துச்சு," என்றான்.

ஷர்மினி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கோபப்படுவாள் என்று காத்திருந்தான். அவள் அவனுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்தத் தைரியத்தில் அவன் கடகடவென்று பேசினான். "புதன்கிழமைக்குள்ள பொரட்டிடுவேன். பட்டறையில கேஸ் ஏத்தற மெஷின் ஒண்ணு கூடுதலா இருக்கு, அத வித்துடறேன். அக்காகிட்ட கால்ல விழுந்தாவது கேக்கறேன். நீ நர்ஸ்கிட்ட..."

"நர்ஸுக்குப் போன் பண்ணிட்டேன்."

"என்ன சொன்னே?"

"வரலைன்னு சொல்லிட்டேன்."

"பணம் இல்லன்னா சொன்னே? அதான் நான் பொரட்டறேன்னு..."

"பணத்துக்காக இல்லைங்க. எனக்கு வேணாம்."

கம்பெனி பஸ் அவர்களைத் தாண்டிப் போனது. குணாளன் அவள் சொன்னதைக் கோபத்தில் சொன்ன வார்த்தையாக எடுத்துக்கொள்ளப் பார்த்தான். அவள் குரலில் கோபம் இல்லை.

"எப்போலேருந்து?"

"ரெண்டாவது தடவைக்கு முன்னாடியே."

இரண்டாவது தடவை ஊசிகளைப் போட்டவன் அவன்தான். நர்ஸிடம் கற்றுக்கொண்டு தினமும் சாயங்காலம் அவள் வயிற்றில் போட்டான். அவள் சட்டையைத் தூக்கிக்கொண்டு சுவரைப் பார்ப்பாள். ஊசிக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்து அவன் வேடிக்கைப் பேச்செல்லாம் பேசுவான்.

"ஏன் மினி சொல்லல?" என்றான். குரல் உயர்ந்துவிட்டது. ஒரு நிமிஷம் அவள்மேல் நிஜமாகவே ஆத்திரம் வந்தது. காலையிலிருந்து எதைக் காப்பாற்றுகிறேன் என்று செத்துப் பிழைத்தானோ அந்த ஆசை அவளிடம் இல்லவே இல்லை.

"எப்படிச் சொல்றது? டாக்டரு, ஊசி, உங்க அக்கா தண்ணிமலை முருகனுக்கு நேந்துகிட்டது, எல்லாம் ஓடிக்கிட்டே இருந்துச்சு. நானும் கூடவே ஓடினேன். நீங்க அவ்ளோ ஆசையா இருந்தீங்க." அவள் கண்ணாடி வழியே வெளியே பார்த்தபடி பேசினாள். "இன்னிக்கு ரெண்டு கணக்கையும் வித்ததும் உள்ள போய் நின்னேனா, அழுகை வரும்னு பாத்தேன். வரல. வயிறு லேசா இருந்துச்சு. இத்தனை வருஷத்துல அப்படி இருந்ததே இல்ல. பயமா போச்சுங்க எனக்கு."

குணாளன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நீங்க ஒரு வாட்டியாவது போதும்னு சொல்வீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்," என்றாள். "நீங்க சொல்லவே இல்ல."

அவனுக்கு அந்தப் பிள்ளை இன்னும் வேண்டும். அதை அவளிடம் சொல்லவும் வேண்டும்போல் இருந்தது. ஒரு பையனோ பெண்ணோ, எந்த முகமும் இல்லாத அது, இத்தனை வருஷமாக அவன் மனசுக்குள் வளர்ந்துகொண்டுதான் இருந்தது. அதைப் பற்றிச் சொன்னால் அவள் மறுபடி தலையாட்டிவிடுவாள் என்பதும் அவனுக்குத் தெரிந்தது. புதன்கிழமை கிளம்பி வந்துவிடுவாள். சட்டையைத் தூக்கிக்கொண்டு சுவரைப் பார்ப்பாள்.

"போதும் மினி," என்றான்.

நாள் முழுக்க அழாத ஷர்மினி அப்போது அழுதாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, வெகு நேரம் அழுதாள். குணாளன் காரைக் கிளப்பாமல் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தான்.